சாம்பல் விற்று ஆறு தெளிந்ததா?



அயல்நாட்டு நீர்த்தாவரங்களைப் பற்றிய கருத்தரங்கைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடத்தாமல் இங்கே, ஜொகூரின் காஹாங்கில், நடத்தத் துணிந்த ஏற்பாட்டாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் தேநீருக்காக வண்டியை நிறுத்தும் ஊர் இது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. மறுபக்கம், மலாயா இயற்கைக் கழகம் 1985-86இல் நடத்திய ஆய்வுப் பயணத்தால் வெளியுலகுக்குத் தெரியவந்து, 1993இல் தேசியப் பூங்காவான மழைக்காடு. இப்படியோர் அவைக்குத் தலைமை தாங்குவது எவருக்கும் பெருமைதான். எதிரே இருப்போரில் பாதிப்பேருக்குத் தலைவரைவிட இத்துறை நன்றாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் உதறலும் உண்டு.

அழைப்பிதழில் அச்சிட்ட பொருள் மூன்று: பாதிப்பு, மேலாண்மை, பயன்பாடு. முதலாவதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழில் ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்றும் மலாயில் கெலாடி புந்திங் என்றும் பெயர் பெற்ற இந்த அமேசான் செடி, சத்துள்ள வெப்பநாட்டு நீரில் ஓரிரு வாரத்திலேயே இரட்டிப்பாகும். வெயிலை மறைக்கும், நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும், மதகை அடைக்கும். சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும்.

கொசுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மான்சோனியா கொசுவின் புழு மற்றப் புழுக்களைப்போல மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருவதில்லை. நீர்ச்செடியின் வேரில் கூரிய குழாயைச் செருகி, செடிக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக்கொள்கிறது. நீரின் மேல் எண்ணெய் தெளித்து அதை மூச்சடைக்க வைக்க முடியாது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புருகியா மலாயி என்ற புழுவைப் பரப்பும் கொசுக்களில் முக்கியமானதும் இதுவே. மலாயாவின் பெயரைத் தாங்கிய நோய்ப்புழு அது. ஆகாயத்தாமரையை வெறும் படகுத்துறைத் தொல்லையாக எழுதும் கட்டுரைகள் இதை மறந்துவிடுகின்றன.

இனி, இவ்வுரையின் வழக்குக்கு வரலாம். அண்மைக் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் பெரும்பகுதி பயன்பாட்டைப் பற்றியது: கூடை, காகிதம், காளான், உயிர்வாயு, உரம். 'பயன்படுத்தத் தொடங்கினால் செடி தானே ஒழியும்' என்ற நம்பிக்கை எல்லாவற்றுக்கும் பொது. இந்த நம்பிக்கைக்கு நூறு வயது ஆகிறது. அது ஒருமுறை சோதிக்கப்பட்டுத் தோற்ற வரலாறு வங்காளத்தில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

1917இல் பூசா வேளாண் ஆய்வு நிலையம் தன் வெளியீடுகளில் ஒன்றாக, ஃபின்லோ, மெக்லீன் இருவரும் எழுதிய சிறுநூலை வெளியிட்டது. ஆகாயத்தாமரைக்கு உரமாக உள்ள மதிப்பே அதன் பொருள். உலகப் போரால் ஜெர்மானியப் பொட்டாஷ் வரத்து நின்றுபோன காலம். தமிழ் உழவர்கள் பொட்டாஷைச் சாம்பல் சத்து என்பார்கள். இங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. செடியைக் காயவைத்து எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பொட்டாஷ் நிறைய. கல்கத்தாவின் ஷா வாலஸ் நிறுவனம் அந்தச் சாம்பலை வாங்கவும் முன்வந்தது. பகையைப் பணமாக்கலாம் என்ற இன்றைய முழக்கம் அப்போதே எழுந்துவிட்டது.

விளைவு என்ன? 1921இல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் குழு அமைக்க வேண்டிய அளவுக்கு ஆறுகள் அடைபட்டன. 1936இல் வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் செடியை ஒழிப்போம் என்பது கட்சிகளின் வாக்குறுதியானது. சாம்பல் வணிகம் கால்வாயைக் காக்கவில்லை. 'உரமாகும்' என்ற பேச்சு, ஒழிப்புக்கான முடிவைத் தள்ளிப்போடத்தான் உதவியது. பயன்பாட்டு அணியின் மூத்த அறிஞர்கள் இந்தச் சிறுநூலைத் தங்கள் முன்னோடியாகக் காட்டுவதுண்டு. மேற்கோள் காட்டுவதில் தவறில்லை. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளையும் சேர்த்துப் படித்திருக்கலாம்.

கணக்கும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. பச்சைச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நெருங்கி வளர்ந்த ஒரு ஹெக்டேரில் 300 டன் பச்சைச் செடி இருக்கும். காய்ந்தால் மிஞ்சுவது 15 டன் அளவு. மீதியெல்லாம் எக்ஸ்கவேட்டரும் லாரியும் சுமக்கும் தண்ணீர். கூடை முடைவோருக்கு வேண்டியது நீண்ட, பழுதில்லாத தண்டு மட்டுமே. இன்னொன்று: இச்செடி கன உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்க்கும். ஆலைக் கழிவு கலந்த ஏரியில் வாரிய செடியைச் சோதிக்காமல் கீரைப்பாத்திக்கு உரமாக்குவது நஞ்சை இடம் மாற்றும் வேலை.

அப்படியானால் எது வேலை செய்தது? நியோகெட்டினா வண்டுகள். 1980களில் பெங்களூரின் ஹெப்பால் ஏரியில் விடப்பட்ட இவை சில ஆண்டுகளில் செடியை அடக்கின. பகலில் குருத்தின் மடிப்பில் ஒளிந்துகொள்ளும். இரவில் வெளிவந்து இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். இலையில் சில மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்புத் தழும்புகள் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். புழு தண்டைக் குடைந்து குருத்துக்கு இறங்கும். கூட்டுப்புழு நீருக்கடியில் வேரில் தொங்கும். இயந்திரத்தால் அடியோடு வாரும்போது வண்டின் எல்லாப் பருவங்களும் செடியோடு சேர்ந்து கரையேறிச் சாகின்றன. இரண்டு துறைகள் ஒரே ஏரியில் பேசிக்கொள்ளாமல் வேலை செய்தால் இதுதான் நடக்கும்.

விக்டோரியா ஏரி வழக்கையும் தொடாமல் விட முடியாது. 1990களின் நடுவில் அங்கே வண்டுகள் விடப்பட்டன; அந்தப் பத்தாண்டின் முடிவில் செடி பெருமளவு சரிந்தது. 1997-98 எல் நினோ மழையும் அலையுமே காரணம் என்று ஓர் அணி 2005இல் எழுத, வண்டே காரணம் என்று மறு அணி 2007இல் மறுத்தது. முதல் அணியின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அலை அடித்தது, ஆனால் வண்டு குடைந்து மிதப்பை இழந்த செடியைத்தான் அடித்து மூழ்கடித்தது. அலையே இல்லாத ஹெப்பாலிலும் செடி சரிந்ததற்கு அவர்கள் இன்னும் விடை சொல்லவில்லை.

வண்டும் முழு மருந்தல்ல. நைட்ரஜன் மிகுந்த நீரில் செடி வண்டு தின்பதைவிட வேகமாக வளரும். ஜொகூரிலேயே செம்பனை சூழ்ந்த செம்புரோங் நீர்த்தேக்கம் சத்து மிகுந்து கெட்டுப்போனதைப் பத்துபகாட்டின் துன் ஹுசைன் ஓன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். பகாங்கின் சினி ஏரியில் 1995இல் கட்டிய தடுப்பணை நீர்மட்டத்தை மாற்றிய பிறகுதான் கபோம்பா என்ற நீர்ச்செடி பரவியது. செடியைப் பழிக்குமுன், வரப்பிலிருந்து வடியும் உரத்தையும் நாம் கட்டும் அணையையும் கேள்வி கேட்க வேண்டும்.

இன்று பிற்பகல் பயன்பாடு பற்றிக் கட்டுரை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை டன் பச்சைச் செடி, எவ்வளவு பரப்பிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தப் பரப்பு மீண்டும் மூட எத்தனை நாள் ஆனது, உலோகச் சோதனை நடந்ததா: இந்த நான்கு விவரங்களையும் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். விற்பனை விலையை அதற்குப் பிறகு பேசலாம். கருத்தரங்கு தொடங்கியதாக அறிவிக்கப்படுகிறது.