பழைய காரும் எண்ணெய்க் கசிவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இரயில்வே அலுவலகத்தில் கோப்பும் பதிவேடுமாகக் காலங்கழிக்கும் ஓர் எழுத்தர் மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுக்கு நகைப்பைத் தரலாம். கையைச் சுட்டுக்கொண்டவனுக்கே நெருப்பின் இயல்பு தெரியும் அல்லவா? அந்த உரிமையிலேயே பேசுகிறோம்.

காலஞ்சென்ற மாமனாரின் அம்பாசிடர் கார் நம் வீட்டிற்கு வந்த கதையைக் காலனியில் பலரும் அறிவீர்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட கார் அது. நம்முடையது மார்க் 2. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். அது தேய்ந்து புகை கக்கவே, பாறசாலைப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் சிலிண்டரைக் கடைந்து, கிராங்கைத் தேய்த்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் பூட்டித் தந்தார்.

பத்தாம் நாள் காலை, கொட்டகைத் தரையில் உள்ளங்கை அகலத்திற்கு எண்ணெய்! ஸ்பானரை எடுத்து நாமே சம்ப்பின் போல்ட்டுகளை முறுக்கினோம். கசிவு மிகுந்தது. பட்டறைக்காரர் புதிய தக்கைப் பேக்கிங் இட்டுத் தந்தார். மறுவாரமே மீண்டும் கசிந்தது. பொறுமை இழந்து, பட்டறையில் நாலு பேர் முன்னிலையில், "உமக்கு வேலை தெரியவில்லை" என்று சொல்லி, கூலியில் நாலாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்தோம். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "ஒருக்கா கூடி நோக்கலாம், சாரே" என்றார்.

ஞாயிறன்று வந்தார். எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, உலரத் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, அடியில் செய்தித்தாள் விரித்து, அரைமணி நேரம் ஓடவிட்டார். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலும் முன்னும் முதலில் நனைந்த இடமே ஊற்றுக்கண்.

பவுடரோ பல இடங்களில் ஒருங்கே நனைந்தது. பக்கவாட்டு டேப்பெட் மூடிகள் இரண்டிலும், மேலுள்ள வால்வு மூடியிலும், பின்புறத்திலும் ஈரம். இத்தனை பேக்கிங்கும் ஒரே வேளையில் கெடுமா? எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து காற்று சீறியது. உடனே, கீழ்நோக்கித் தொங்கும் பிரீதர் குழாயைத் தடவினார். அதன் வாயில் ஒரு துணிப்பந்து. நம் வீட்டுப் பழைய வேட்டித் துணி! புகையும் பிசுக்கும் வருகின்றனவே என்று, வண்டி வீடு வந்த வாரத்தில் நாமே அடைத்து மறந்திருந்தோம்.

ரிங்குகள் எவ்வளவு பொருந்தினாலும், எரிந்த வாயு சிறிது பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கும். புதிதாகக் கட்டிய எஞ்சினில், ரிங் படியும் வரை அது மிகுதி. அதை வெளியேற்றவே பிரீதர் உள்ளது. அவ்வழியை அடைத்தால் அழுத்தம் ஏறி, சந்துதோறும் எண்ணெயைப் பிதுக்கும். மேலும் இவ்வெஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. கிராங்கில் வெட்டிய மறைப்பள்ளமே சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பும். அழுத்தத்தின் முன் அது தோற்றுவிடும். அங்கு கசியும் எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்தால், ஏற்றத்தில் வண்டி இழுக்காது.

நாம் மிகையாக முறுக்கியதால் சம்ப்பின் தகட்டு விளிம்பும் துளைகளருகே வளைந்திருந்தது. அவர் அதை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமன்செய்து, தக்கை மாற்றி, எதிரெதிர் போல்ட்டுகளாகச் சிறிது சிறிதாக முறுக்கினார். துணிப்பந்தை நம் கையில் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலாயிரத்தோடு அன்றைய கூலியையும் கொடுத்தோம். ஆனால் நாலு பேர் கேட்கச் சொன்ன சொல்லை எதைக் கொடுத்து மீட்பது? மறுநாள் பட்டறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையிலேயே, குற்றம் நம்முடையது என்று சொல்லி வந்தோம்.

பழைய கார் வைத்திருப்போர் கசிவு கண்டால் முதலில் கழுவிப் பாருங்கள், பிரீதரைச் சோதியுங்கள், அதன்பின் பேக்கிங்கைத் தொடுங்கள். நின்ற வண்டியில் ஓரிரு துளி சொட்டுவது இவ்வெஞ்சினின் இயல்பு. அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும். எண்ணெய் அளவுக் கம்பியைப் பார்க்க மறவாதீர்கள். கழிவெண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். பக்கத்தில் கிணறு இருக்கிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் வகுத்த எல்லையில் விளவங்கோடு அப்பக்கமும் நெய்யாற்றின்கரை இப்பக்கமும் ஆயின. எனினும் இருமொழியும் கலந்து பேசி, இங்குள்ளோர் நம்மை அயலாராய் நடத்தியதில்லை. பிழைக்க வந்த நாம், இவ்வூர் உழைப்பாளியின் கைத்திறனை ஐயுறுமுன் நம் கை செய்ததை எண்ணிப் பார்ப்போமாக.