ஏழு நாள் பள்ளிக்கூடம்



காலாண்டு விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் ஒரு வாக்குவாதம் நடக்கும். "அம்மா, என்எஸ்எஸ் கேம்ப் போறேன், ஏழு நாள்" என்று பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை கேட்கும். "அடுத்த வருஷம் பப்ளிக். இப்போ கேம்ப் எதுக்கு?" என்று பதில் வரும். அந்த அம்மாவிடமும் அப்பாவிடமும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என்எஸ்எஸ் எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டில் தொடங்கியது. அன்று 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. சேர்ந்த பிள்ளை இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் ஊர்ப்பணி செய்ய வேண்டும். அதோடு, ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கிச் செய்யும் சிறப்பு முகாம் உண்டு.

அந்த ஏழு நாளில் என்ன நடக்கிறது?

முதல் நாள் காலை, வாய்க்கால் தூர்வாரப் பிள்ளைகள் மண்வெட்டியோடு இறங்குவார்கள். பத்தாவது வெட்டிலேயே உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிவிடும். கரையில் நிற்கும் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, "இப்படிப் பிடி தம்பி, இடுப்பை வளைச்சு வெட்டு" என்று காட்டித் தருவார். பள்ளிக்கூடமே போகாதவராக இருக்கலாம் அவர். அன்றைக்கு அவர்தான் வாத்தியார். தினம் சாப்பிடும் சோறு எத்தனை பேர் இடுப்பொடியும் உழைப்பு என்பதைப் பிள்ளையின் கை தெரிந்துகொள்ளும் நாள் அது.

மதியம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. வகுப்பில் ஆசிரியர் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும். இங்கே கேள்வி கேட்க வேண்டியது பிள்ளை. முன்பின் தெரியாத வாசலில் நின்று, "பாட்டி, குடிதண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?" என்று கேட்கத் தொண்டை அடைக்கும். நான்காவது வீட்டில் குரல் திறந்துவிடும். "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று பாட்டி திருப்பிக் கேட்பார். பின்னாளில் நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து உட்காரும் தைரியத்துக்கு விதை இப்படிப்பட்ட திண்ணைகளில்தான் விழுகிறது.

சமையலும் பிள்ளைகள் கையில்தான். ஐம்பது பேருக்கு உப்புமா கிண்டும்போது தண்ணீர் கூடிப்போகும். கஞ்சிபோல் இருப்பதை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மதிப்பெண் யாருக்கும் குறையாது. மறுநாள் அளவு சரியாக வரும். தப்பு செய்து, அதற்காகக் கூனிக் குறுகாமல் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு, பரீட்சை பயத்திலேயே வளரும் நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கிறது?

பெண் பிள்ளையை வெளியூரில் எப்படித் தங்க விடுவது என்ற கவலை நியாயமானது. திட்ட அலுவலரான ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கூட வரும் ஆசிரியைகள் யார், இரவில் தங்குமிடம் எது, கழிப்பறை வசதி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விசாரிக்காமலே கதவைச் சாத்திவிடாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சான்றிதழுக்காக மணிக்கணக்கை ஏட்டில் நிரப்ப வேண்டாம். ஒரு மணி நேரமானாலும் அது மண்ணில் நடக்கட்டும்.

ஏழாம் நாள் மாலை, அழுக்குத் துணி மூட்டையும் வெயிலில் கறுத்த முகமுமாகப் பிள்ளை வீடு திரும்பும். "எவ்வளவு படிப்பு போச்சு?" என்று கேட்டு வரவேற்காதீர்கள். ஒரு தட்டில் சூடாகச் சோறு போட்டு, "அந்த ஊர்ல யாரையெல்லாம் பார்த்தே?" என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் உட்காருங்கள். உங்கள் பிள்ளை இவ்வளவு பேசுமா என்று அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும்.