நிறுத்தச் சொல்லும் உரிமை

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எனப் பல தொழிலினர் ஒரே நோயாளிக்காக உழைக்கும் மருத்துவமனையில், தவறு நேரும்போது யார் யாரைத் தடுக்கலாம் என்பது பெரும்பாலும் வரையறுக்கப்படாமலே இருந்துவருகிறது. ஒரு பிரிவின் செவிலியர் பணிமுறை, பயிற்சி, பொருள் இருப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் செவிலியர் மேலாளரின் தலைமை, இந்த இடைவெளியில்தான் மிகுதியும் தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட், மையச் சிரைக் குழாயால், அதாவது மருந்து செலுத்துவதற்காகக் கழுத்து அல்லது மார்பு வழியே பெரிய சிரைக்குள் நுழைக்கப்படும் குழாயால், உண்டாகும் குருதித் தொற்றைத் தடுக்க 2001இல் எளிய ஐந்து படிகளை வகுத்தார். கைகழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் தூய விரிப்பால் மூடுதல் போன்ற, எல்லா மருத்துவரும் அறிந்த படிகளே அவை. ஆயினும் செவிலியர் ஒரு மாதம் கவனித்துக் குறித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு படியேனும் விடுபட்டிருந்தது. அதன்பின், படி தவறினால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் உரிமையை நிர்வாகம் செவிலியருக்கு வழங்கியது.

உரிமை தாளில் இருப்பது வேறு, நள்ளிரவில் மூத்த மருத்துவர் ஒருவரிடம், "டாக்டர், விரிப்பு முழுதாக மூடவில்லை, சற்று நிறுத்துங்கள்" என்று இளம் செவிலியர் சொல்லத் துணிவது வேறு. மறுநாள் புகார் எழுந்தால் மேலாளர் தம் பக்கம் நிற்பார் என்ற உறுதி இருந்தால்தான் அந்தச் சொல் வாயிலிருந்து வரும். மேலாளர் மருத்துவர்களிடம் முன்கூட்டியே பேசி, இது அவமதிப்பன்று, நோயாளியின் காப்பு என்பதை ஏற்கச் செய்திருந்தால்தான் அது சண்டையாக மாறாது.

இதே படிகளைக் கொண்டு 2003இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பரவிய திட்டம், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் இணைத்தே தலைமையில் அமர்த்தியது. 2006இல் வெளியான முடிவுகளின்படி, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதங்களுக்குள் சுழியமாயிற்று. குழாய் நாள் என்பது ஒரு நோயாளியின் உடலில் குழாய் இருக்கும் ஒரு நாள்.

இத்திட்டத்தில், பல இடங்களில் சிதறிக் கிடந்த கையுறை, மேலங்கி, விரிப்பு, கரைசல் அனைத்தும் ஒரே தள்ளுவண்டியில் சேர்க்கப்பட்டன. பல பிரிவுகளில் குளோர்ஹெக்சிடினே இருப்பில் இல்லை என்று தெரிந்தபோது, படுக்கையருகே எழுந்த அந்தக் குறை உயர் நிர்வாகிகள்வரை சென்று தீர்க்கப்பட்டது.