கணக்கு ஊருக்கு, எண் நமக்கு

(ஆரணியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



பட்டுத்தறி நெய்கிறவர்கள், விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள் என்று பலரும் இங்கே வந்திருக்கிறோம். நம் எல்லோர் பெயரும் ஏதோ ஒரு அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது. முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், வீடு கட்டும் திட்டம், நூறு நாள் வேலை என்று எத்தனையோ பட்டியல்! முன்பு அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள், ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள். இன்டர்நெட்டில் போட்டால் முன்பின் தெரியாதவனும் பார்ப்பான்.

அப்படியானால் பட்டியலே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்துக் காட்டியது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியது அம்பலமானது. அந்தப் போராட்டம்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வர வழி செய்தது. யாருக்கு எவ்வளவு போனது என்று ஊருக்குத் தெரியணும். இதை நாம் விடக்கூடாது.

ஆனால் 2017 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். ஜார்க்கண்ட் மாநில அரசின் இணையதளத்தில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பென்ஷன்தாரர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தன. அடுத்த மாதமே பெங்களூர் ஆய்வு மையம் ஒன்று, நான்கு அரசு இணையதளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் இப்படி வெளியே இருந்ததாகக் கணக்கிட்டது. பென்ஷன், நூறு நாள் வேலைத் தளங்களும் அதில் அடக்கம்.

இதனால் என்ன ஆகும்? உங்கள் பெயர், ஊர், பென்ஷன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி ஒருவன் போனில் பேசினால், "பேங்க்ல இருந்துதான் பேசறாங்க" என்று நம்பி ஓடிபி சொல்லிவிடுவோம். தனியாக இருக்கிற விதவை யார் என்பதும் அந்நியனுக்குத் தெரிந்துவிடும்.

ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டமே சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையே சாக்காக வைத்து, "அது தனிநபர் தகவல், காட்ட முடியாது" என்று யாராவது செலவுக் கணக்கை மூடினால் அதையும் ஏற்கக்கூடாது.

நம் குழுவில் எப்படி நடக்கிறோம்? யார் எவ்வளவு சேமித்தார், எவ்வளவு கடன் என்று எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோம். அதற்காக யாரும் பாஸ்புக்கைச் சந்தையில் விரித்து வைப்பதில்லை. அரசாங்கமும் அப்படித்தான் செய்யணும்.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. பெயரும் தொகையும் வெளியிடுங்கள், ஆதார், வங்கி, போன் எண்களை மறையுங்கள் என்று கிராம சபையில் கேட்போம். மனுவாகவும் கொடுப்போம்.

2. ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் நகல் போதுமா என்று முதலில் கேட்போம்.

3. உறுப்பினர்களின் ஆதார், பாஸ்புக் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். நகல்களை ஊக்குநர் பூட்டி வைக்கட்டும்.

4. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள் சகோதரிகளே.