தடை போட்டால் எழுத்து நிற்குமா?



பள்ளிப் பாடத்தில் வலைப்பூவா, சமூக ஊடகமா, வேண்டவே வேண்டாம் என்கிறோம். பிள்ளை கெட்டுப் போகும் என்று அஞ்சுகிறோம். அச்சம் நியாயமானதே. ஆனால் ஸ்காட்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

லாக்கில்ப்ஹெட் என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் படித்தவள் மார்த்தா பெயின். வயது 9. 2012 ஏப்ரல் இறுதியில், எழுத்துப் பயிற்சியாக, தந்தையின் துணையோடு 'நெவர் செகண்ட்ஸ்' என்ற வலைப்பூவைத் தொடங்கினாள். பள்ளியில் தந்த மதிய உணவைப் படம் எடுத்தாள். பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை கவளம், உடலுக்கு நல்லதா, விலை என்ன என்று கணக்கெழுதினாள். தன் பெயரைப் போடாமல் புனைபெயரில் எழுதினாள்.

வகுப்பு நோட்டைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. இதையோ உலகமே படித்தது. படிக்க ஆள் உண்டு என்று தெரிந்தால் பிள்ளை எண்ணிப் பார்த்து எழுதும். பாடம் அதுதானே!

பிறகு நடந்தது என்ன? சமையல் பணியாளர்களை நீக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு நாளேடு தலைப்பிட்டது. சிறுமி அப்படிக் கேட்கவே இல்லை! பணியாளர்கள் வேலை போகுமோ என்று அஞ்சுகிறார்கள் எனக் கூறி, ஆர்கைல் அன்ட் பியூட் மாவட்ட மன்றம் ஜூன் 14 அன்று படம் எடுக்கத் தடை போட்டது. எங்கும் கண்டனம் எழுந்தது. மறுநாளே தடை வாபஸ்! பசித்த பள்ளிப் பிள்ளைகளுக்காக அவள் திரட்டிய நிதி ஒரு லட்சம் பவுனைத் தாண்டியது. மேரிஸ் மீல்ஸ் தொண்டு நிறுவனம் அதைக் கொண்டு மலாவி நாட்டின் லிராங்வே பள்ளியில் சமையற்கூடம் கட்டியது.

சிந்தித்துப் பாருங்கள்! தடை எழுத்தை நிறுத்தவில்லை. அதே வேளையில், எழுத்தை மற்றவர் திரித்தால் ஏழைப் பணியாளரின் பிழைப்பு ஆட்டம் காணும் என்பதும் தெரிந்தது. கடை நடத்துவோருக்கு இது நன்றாகப் புரியும். ஒரு பொய்ச் சொல் போதும், வியாபாரம் படுத்துவிடும்!

ஆகவே பூட்டும் வேண்டாம், அவிழ்த்து விடுவதும் வேண்டாம். பிள்ளை எழுதட்டும். வெளியிடுமுன் ஆசிரியர் படிக்கட்டும். முழுப் பெயரும் முகவரியும் முகமும் வெளியே போக வேண்டாம். கண்டதை மட்டும் எழுத, பிறர் பிழைப்பை மதிக்க, வகுப்பிலேயே கற்றுக் கொடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்! தந்தையர்களே, வாரம் ஒரு மணி நேரம் கடையைப் பிறரிடம் விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்!