கூடித் தொழில்புரியும் மென்பொருள் முகவர்களும் அவற்றின் கண்காணிப்பும்



ஈயின் உடல் கருநிலையிலிருந்து எவ்வாறு உருப்பெறுகின்றது என்பதை விளக்கும் ஆங்கில நூலொன்று உண்டு. பீற்றர் லோறன்ஸ் என்னும் உயிரியலறிஞர் எழுதிய அந்நூல் 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2011ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அமேசன் என்னும் இணையச் சந்தையில் அதன் பழைய பிரதிகள் 35 டொலரளவிற் கிடைத்துக்கொண்டிருக்க, புதிய பிரதிக்கு இரு விற்பனையாளர் கேட்ட விலையோ பத்து இலட்சம் டொலரையுங் கடந்து நின்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த உயிரியலாளர் மைக்கேல் ஐசன் இப்புதுமையைக் கண்டு, நாள்தோறும் விலையைக் குறித்து வந்தார். ஏப்பிரல் 18ஆந் திகதி அவ்விலை 23,698,655 டொலரும் 93 சதமுமாயிற்று. அனுப்புகூலி வேறு!

நடந்தது இதுதான். இரு விற்பனையாளரும் விலை குறிக்கும் வேலையைக் கணினி நிரல்களிடம் ஒப்படைத்திருந்தனர். ஒரு நிரல், மற்றவர் விலையின் 0.9983 மடங்கைத் தன் விலையாக வைத்தது. போட்டியாளரிலும் சற்றே மலிவாக விற்பது அதன் நோக்கம். மற்ற நிரலோ முதலாமவர் விலையின் 1.270589 மடங்கைக் கேட்டது. நூல் தம் கையில் இல்லாமையால், வாங்குவோர் வந்தால் முதலாமவரிடமே பெற்றுக் கொடுக்க அவ்விற்பனையாளர் கருதியிருக்கலாம் என்பது ஐசனின் ஊகம். இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விலை காற்பங்குக்கு மேல் ஏறும்.

இந்நிரல்களைத் தனித்தனியே பரீட்சித்திருந்தால் இரண்டும் சித்தியெய்தியிருக்கும். குற்றம் அவ்விரண்டுக்கும் இடையே இருந்தது. அவ்விடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எவருமில்லை.

இக்கதையை இன்று நான் எடுத்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. மனித மொழியை விளங்கிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு வந்தபின், ‘முகவர்’ எனப்படும் மென்பொருள்கள் கூட்டாக வேலைசெய்யத் தொடங்கியுள்ளன. ஒன்று பணியைப் பகுத்துக் கொடுக்கின்றது; ஒன்று தகவல் தேடுகின்றது; ஒன்று அறிக்கை வரைகின்றது; வேறொன்று அதனைச் சரிபார்க்கின்றது. தேடிய முகவர் ‘இருக்கலாம்’ என்று சொன்னதை, வரையும் முகவர் ‘இருக்கின்றது’ என்று எழுதிவிடக்கூடும். சரிபார்க்கும் முகவர் எழுத்துப்பிழை பார்த்து அனுப்பிவிடும். நால்வரும் ‘பணி முடிந்தது’ என்றே அறிவிப்பர்.

பாடசாலை நிருவாகத்தில் ஈடுபட்டோருக்கு இது புதிதன்று. வகுப்பாசிரியரின் குறிப்பில் பிள்ளை விளையாட்டுப் பயிற்சிக்குச் சென்றிருப்பான். பயிற்சியாசிரியரின் குறிப்பில் அவன் வகுப்பில் இருப்பான். இரு ஆசிரியரும் பொய்யுரைக்கவில்லை. பிள்ளை மட்டும் ஆற்றங்கரையில் இருப்பான். இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்து வாசித்த நாளிலேதான் எனக்கு அது தெரியவந்தது.

ஆகவே கண்காணிப்பு முறையை வகுப்போர் முதலிற் செய்யவேண்டியது, அக்குறிப்புகளை அருகருகே வைப்பதற்கு வழிசெய்தலாகும். பணியொன்று உள்ளே வரும்பொழுதே அதற்கு ஓர் இலக்கம் இட்டு, அது எந்த முகவரிடம் சென்றாலும் அவ்விலக்கமும் கூடச் செல்லுமாறு செய்தல் வேண்டும். யார் யாருக்கு எதனைக் கொடுத்தார், எந்த ஆதாரத்தின்மேற் கொடுத்தார், எந்நேரத்திற் கொடுத்தார் என்பன அவ்விலக்கத்தின்கீழ்ப் பதியப்படும். முகவர் தன்னைப்பற்றித் தானே கூறும் நற்சான்று போதாது. பதிவு அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

பதிவு இருந்தாற் போதுமா? 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி நியூயோர்க் பங்குச்சந்தையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். நைற் கப்பிற்றல் என்னும் நிறுவனம் தன் 8 கணினிகளுக்குப் புதிய நிரலை ஏற்ற முற்பட்டு, ஒன்றை விட்டுவிட்டது. அந்த ஒன்றில், பல்லாண்டுகளாகப் பயன்படாதிருந்த பழைய நிரற்பகுதி உயிர்பெற்றது. காலை 8 மணியளவிலிருந்து, சந்தை திறக்கும் 9.30க்கு முன்பே, பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானாகவே ஊழியர் சிலருக்கு அனுப்பியது. அவை எச்சரிக்கைகளாக வகுக்கப்பட்டவையல்ல. எவரும் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. ஏறக்குறைய 45 நிமிடத்தில் 154 கம்பனிகளின் பங்குகளில் 40 இலட்சம் கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தன. நட்டம் 46 கோடி டொலர். இதற்கிடையில், எங்கே பழுது என்று அறியாத ஊழியர், சரியாக இயங்கிய மற்ற 7 கணினிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். கேடு அவற்றுக்கும் பரவியது.

தகவல் இல்லாமையால் இந்நிறுவனம் வீழ்ந்துவிடவில்லை. தகவல் வந்தது; ஆனால் ‘இதற்குப் பொறுப்பு நீர், இதைக் கண்டால் இன்னது செய்க’ என்ற ஏற்பாடு இல்லை. நூறு எச்சரிக்கைகளிலும், கடமையிலிருக்கும் ஒருவரை எழுப்பி, நிறுத்தும் விசையை அவர் கையிற் கொடுக்கும் ஓர் எச்சரிக்கையே மேலானது என்பது என் கருத்து. அந்த விசைக்கு அருகில், எதை நிறுத்தினால் எது நிற்கும் என்ற வரைபடமும் இருத்தல் வேண்டும்.

இன்னுமொரு செய்தி, இது கண்காணிப்பவனையே பற்றியது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆந் திகதி பிற்பகல் 2.14 மணியளவில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து மின் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. அது செயலிழந்ததை அறிவிக்க வேறொன்று இல்லை. மின்பாதைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன. அறையிலிருந்தோரின் திரைகளோ அமைதியாக இருந்தன. அயல் நிலையங்களிலிருந்து தொலைபேசியிற் கேட்டவர்களின் பேச்சைவிட அந்த அமைதியையே அவர்கள் நம்பினர். மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில், அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். நியூயோர்க்கின் சுரங்க இரயில்கள் பாதி வழியில் நின்றன.

அமைதி நற்செய்தியன்று. இராக்காவலர் சாமத்துக்குச் சாமம் குரல் கொடுத்துச் செல்வது கள்வரை வெருட்டுவதற்கு மாத்திரமா? தாம் உறங்கவில்லை என்பதை ஊருக்கு அறிவிப்பதற்குமாம். அதுபோலவே கண்காணிக்கும் மென்பொருளும் குறித்த இடைவேளைதோறும் ‘இருக்கின்றேன்’ என்று வேறொரு தனிக் கணினிக்குச் சொல்லுதல் வேண்டும். குரல் வரத் தவறினால், அந்தத் தவறுதலே எச்சரிக்கையாகும்.

கண்காணிக்கும் வேலையையும் மற்றொரு முகவரிடமே விட்டாலென்ன என்று சிலர் கேட்கின்றனர். சிறு வேலைகளுக்கு விடலாம். ஆயினும் ஒரே வகையிற் பயிற்றப்பட்டவை ஒரே இடத்தில் தவறக்கூடும்; ஒரே குறிப்பைப் பார்த்தெழுதிய மாணவனைக் கொண்டு மற்றவனின் விடைத்தாளைத் திருத்துவித்தாற் போலாகும். பணமும் மருந்தும் மின்சாரமும் சம்பந்தப்படும் இடங்களில், எல்லையைக் கடந்தவுடன் மனிதர் ஒருவரின் சம்மதமின்றி மேலே செல்லாதவாறு தடுத்து வைத்தலே தகும். இதனால் வேலை தாமதமாகும் என்பது உண்மையே.

அந்த ஈ நூலுக்கு இத்தகைய எல்லையொன்று வைத்திருந்தால், ஆயிரம் டொலரிலேயே விலை நின்றிருக்கும். ஏப்பிரல் 19ஆந் திகதி முதலாவது விற்பனையாளரின் விலை 106 டொலர் 23 சதமாக இறங்கியது. யாரோ பார்த்துவிட்டார்கள் போலும். மற்ற நிரல் வியப்படையவில்லை. 1.270589 ஆற் பெருக்கி, 134 டொலர் 97 சதம் என்று குறித்தது.