குருதி வெளுத்த நாயும் உறங்காத இல்லமும்

(திருவிழாவின் இரண்டாம் நாள் மாலை அமர்வில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமய அறிஞர்கள் உரையாற்றும் மேடையில் நாய் மருத்துவம் பேச என்னை அழைத்திருக்கின்றீர்கள். உங்கள் நெறி நூல்களை விளக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானங்களை நான்காக உங்கள் முன்னோர் வகுத்தனர் என்பதனை அறிவேன். எங்களிடம் வருவோர் ஔஷதத்தைக் கேட்டு வருகின்றனர். அதனைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். அவர்களுக்கு வேண்டிய அபயத்தை, அஃதாவது அச்சந்தீர்க்கும் துணையை, பெரும்பாலும் கொடுப்பதில்லை. என் பிழை ஒன்றினாலேயே இதனைக் கற்றேன்.

முதலில் நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். உடலைக் காக்க அமைந்த எதிர்ப்பாற்றல், தன் சொந்தச் சிவப்பணுக்களையே பகையென்று மயங்கி, அவற்றின்மேல் எதிர்ப்பொருள்களை ஒட்டிவிடுகின்றது. அவ்வாறு குறியிடப்பட்ட அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்துச் சிதைக்கின்றன. நலமுள்ள நாயின் குருதியில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்கும். இந்நோயில் சில நாள்களுக்குள் 15-க்கும் கீழே இறங்கிவிடும். ஈறு வெளுக்கும், கண்ணின் வெண்மை மஞ்சளிக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும், நேற்று வாயிலில் துள்ளிய நாய் இன்று எழுந்து நிற்க மாட்டாது. இதே மயக்கம் குருதித் தட்டணுக்களின்மேல் திரும்புவதும் உண்டு. அப்போது வயிற்றுத் தோலிலும் ஈற்றிலும் செம்புள்ளிகள் தோன்றும். மூக்கிலும் மலத்திலும் குருதி வரும். அரிதாகச் சில நாய்களில் இரண்டும் ஒருங்கே வருகின்றன.

காரணம் பல வேளைகளில் புலப்படுவதில்லை. காக்கர் ஸ்பானியல் போன்ற சில இனங்களில் மிகுதியாகக் காண்கிறோம். நம் நாட்டில் உண்ணி பரப்பும் பபீசியா, எர்லிக்கியா ஆகிய நோய்க்கிருமிகளை முதலில் தேடாமல் எந்த மருத்துவரும் முடிவுக்கு வரலாகாது. தடுப்பூசியினால் வந்ததோ என்று கேட்போர் உளர். அதற்கு உறுதியான சான்று இல்லை. எல்லாவற்றுக்கும் முதற்கண் உரிமையாளர் தம்மையே குற்றஞ் சாட்டிக்கொள்கின்றனர் என்பதற்காக இதனைக் கூறுகிறேன்.

இனி என் பிழை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் ராணி என்னும் ஸ்பானியல் நாயை ஒரு மாலையில் தூக்கி வந்தனர். சிவப்பணுப் பங்கு 13. அன்றிரவே வேறொரு நாயின் குருதியை ஏற்றினோம், பிரெட்னிசோலோன் தொடங்கினோம். மூன்று வாரத்தில் 34-க்கு ஏறியது. மருத்துவன் என்ற முறையில் மகிழ்ந்தேன். சீட்டில் அளவை எழுதி, "எழுதியபடி கொடுங்கள்" என்று அனுப்பினேன்.

அவ்வில்லத்தில் நிகழ்ந்ததை நான் பின்னரே அறிந்தேன். அம்மாத்திரை நாய்க்குத் தணியாப் பசியையும் தாகத்தையும் தரும். ராணி நள்ளிரவில் நீர் கேட்டு எழுப்பியது. பூசையறை வாயிலில் சிறுநீர் கழித்தது. அடுப்படியில் உணவைத் திருடியது. வயிறு பருத்தது, தொடைச் சதை வற்றியது. அம்மையார் பதினைந்து நாள் உறங்கவில்லை. பார்க்க வந்த உறவினர், "நஞ்சைக் கொடுக்கிறீர்கள்" என்றார். நாய்தான் தேறிவிட்டதே என்று எண்ணி ஆசிரியர் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் மீண்டும் வந்தபோது பங்கு 11. அன்றிரவு மூச்சுத் திணறி ராணி இறந்தது. நுரையீரல் நாளத்தில் குருதி உறைந்து அடைத்திருக்க வேண்டும். இந்நோயில் உயிரிழப்புக்கு அதுவே பெருங்காரணம்.

ஆசிரியர் என் கையைப் பற்றி, "டாக்டர், நானே கொன்றுவிட்டேனா?" என்றார். வாழ்நாள் முழுதும் கொல்லாமையைப் போற்றியவர் அவர். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று கூறுகிறேன்: பிழை என்னுடையது. இம்மருந்தைப் பல மாதங்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை குருதியைச் சோதித்து ஏறக்குறையக் காற்பங்கு வீதம் குறைத்தே நிறுத்த வேண்டும் என்பதனை நான் அறிந்திருந்தேன். அதனை விளக்காது சீட்டை மட்டும் கொடுத்தேன். இல்லத்தில் என்னென்ன நிகழும் என்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் அவர் அஞ்சியிருக்க மாட்டார்.

அதன்பின் முதல் நாளிலேயே அமரவைத்துச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரமே மிகு இடர். எல்லா முயற்சிக்குப் பின்னும் கணிசமான நாய்கள் பிழைப்பதில்லை. செலவு இவ்வளவு ஆகலாம். சிகிச்சை நான்கு முதல் எட்டு மாதம் வரை நீளலாம். குருதி உறையாமலிருக்க மருந்து சேர்க்கவேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகின்றது. தட்டணு மிகக் குறைந்த நாய்கள் மட்டுமே விலக்கு. அசதயோபிரின் மாத்திரையைப் பிளக்கவோ பொடிக்கவோ கூடாது, கருவுற்ற பெண்டிர் தொடவே கூடாது என்பதையும் சொல்கிறேன். செலவைச் சொல்ல முன்பு நாணினேன். பாதி வழியில் பணந்தீர்ந்து தலைகுனிந்து நிற்பதினும் முதலிலேயே அறிவது அவர்களுக்கு நன்று.

இச்சமூகத்தார் என்னிடம் கேட்டுவரும் ஐயங்கள் இரண்டு. ஒன்று உண்ணி. "உண்ணியைக் கொல்லும் மருந்தை நாங்கள் எவ்வாறு இடுவது?" என்று ஓர் அம்மையார் கண்ணீருடன் வினவினார். அவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தொடக்கத்திலேயே இடுக்குகளை அடைத்து, நாயை நாடோறும் சீவிப் பார்த்து, அண்டவிடாது விரட்டும் வகைக் கழுத்துப்பட்டையை அணிவித்தால், பின்னர்ப் பெருங்கூட்டத்தை அழிக்கும் நிலை நேராது. இடர் முற்றிலும் நீங்கும் என்று கூற மாட்டேன். அப்பட்டையும் சில உண்ணிகளைக் கொல்லும். எந்த அளவில் நிற்பது என்பதனை நீங்களும் உங்கள் பெரியோரும் முடிவு செய்யவேண்டும்.

மற்றொன்று, ஒரு நாயின் குருதியை எடுத்து இன்னொன்றுக்கு ஏற்றுவது தகுமா என்பது. 25 கிலோவுக்கு மேற்பட்ட, நலமுள்ள, தடுப்பூசி போட்ட, அமைதியான நாயிடமிருந்து கழுத்துச் சிரை வழியே ஏறத்தாழ 450 மில்லி எடுக்கிறோம். கால் மணிநேரத்திற்குள் முடிந்துவிடும். பின்னர் உணவுண்டு வாலாட்டிச் செல்லும். கட்டிவைத்துத்தான் எடுக்க வேண்டுமெனில் அந்நாயை அனுப்பிவிடுவோம். நாய்க்கு முதல்முறை ஏற்றும்போது குருதிப் பொருத்தமின்மையால் வரும் தீங்கு மனிதரைப்போல் மிகுதியன்று. இரண்டாம் முறை கட்டாயம் பொருத்தம் பார்க்க வேண்டும். சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கான குருதி வங்கி உண்டு. வெளியூர்களிலோ அண்டை வீட்டு நாயே வங்கி.

ஒன்றை இடையில் சொல்லிவைக்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அது வேறுவகைச் சோகை. உங்களில் பலர் இல்லங்களில் அவை அடுப்பேறுவதில்லை என்பதால், நான் எச்சரிக்கும் வேலை இங்கே குறைவு.

தேறாத நாயை ஊசியிட்டு உறங்கவைத்தல் குறித்தும் பேசாதிருக்க இயலாது. உங்களில் பெரும்பாலோர் அதனை ஏற்கமாட்டீர்கள். ஏற்காத குடும்பத்தை நாயைத் துன்புறுத்துவோர் என்று ஏசும் மருத்துவரைக் கண்டிருக்கிறேன், அது கொடுமை. வலி தணிக்கும் மருந்து, பிராணவாயு, ஈரத் துணி, அருகில் ஒரு கை ஆகிய இவற்றைக் கொண்டு இறுதி வரை காக்க முடியும். அதற்கு மருத்துவர் உடன் நிற்கவேண்டும். அதே வேளை, தாளாது அந்த ஊசியைக் கேட்ட குடும்பத்தை ஊரார் கொலைஞர் என்று பேசியதையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் பல இரவுகள் விழித்திருந்தவர்கள். அவ்வில்லத்துக்குச் செல்வோர் தீர்ப்போடு செல்லவேண்டா.

ஆசிரியரின் மனைவியார் இரண்டு திங்கள் கழித்துத் தாமே வந்தார். அவர் தெருவில் இன்னொரு நாய்க்கு இதே நோய். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கோடு போட்டு, நாள், மாத்திரை அளவு, ஈற்றின் நிறம், குடித்த நீர், இரவில் எத்தனை முறை எழுந்தது என்று கட்டம் வகுத்திருந்தார். "எங்களுக்கு இது யாரும் சொல்லவில்லை, இவர்களுக்கு நான் சொல்லலாமா?" என்றார். அதன்பின் அவர் அந்த வீட்டில் இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை நாயருகில் இருந்து, அவ்வீட்டார் உறங்க வழி செய்தார். அந்நாய் இன்றும் இருக்கின்றது. அவர் வகுத்த கட்டங்களை அச்சிட்டு இப்போது ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறேன்.

மண்டப வாயிலில் அதன் படிகள் ஐம்பது வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பதிவேடும் உண்டு. இரவில் துணையிருக்க இசைவோர் தம் பெயரையும், குருதி கொடுக்கத்தக்க நாயுடையோர் அதன் எடையையும் எழுதலாம். எனக்கு மூன்று ஊர்களிலிருந்தேனும் பெயர்கள் வேண்டும்.